ஊதுபத்தி காட்டிய ஓட்டைகள்

கருவிப் பை வலது தோளிலும் உடுப்புப் பை இடது தோளிலும் கிடக்க, மிச்சம் என்ற ஊரின் ட்ராம் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஒக்டோபர் மாதத்தின் கடைசி வாரம். மத்தியானம் கழிந்திருந்தது. வெயில் இருந்தது, அதில் சூடு இல்லை. நடைபாதை முழுக்க மஞ்சள் இலை. மூன்று கிழமை வேலை செய்த வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தேன். விக்டோரியா பஸ் நிலையத்தில் மாலைக் கோச்சைப் பிடித்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பர்மிங்காம். அங்கே பெட்டி கட்டும் வேலை ஒன்றைத் தெரிந்த ஒருவர் எனக்காகப் பிடித்து வைத்திருந்தார்.

வேலை முடிந்த வீட்டை விட்டு நடக்கும்போது எனக்கு எப்போதும் கால் லேசாகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன்பிறகு எந்த இடத்திலும் இரண்டு குளிர்காலம் தொடர்ந்து இருந்ததில்லை. விட்டுப் போன வீட்டுக்குத் திரும்பிப் போனதும் இல்லை. அதில் பெருமை ஒன்றும் இல்லை, பழக்கம் அப்படி.

அந்த வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் தம்பி என்பேன், அவர் அண்ணை என்பார். நான் ஒரு கடைக்கு மேலே சாமான் அடுக்கிய அறையில் படுத்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் சொல்லித்தான் என்னிடம் வந்தார். மனைவிக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, வீடு நூறு வருடப் பழசு, குளிர் வருமுன் ஒருக்கால் சரிபார்த்துத் தர ஏலுமா என்று கேட்டார். சம்பளத்தோடு மேலே சின்ன அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் தருவதாகச் சொன்னார். அன்று பின்னேரமே பைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

நல்ல வேலை அது. ஏணி வைத்து ஏறி, கூரை ஓரத்துத் தண்ணீர்ப் பீலியிலிருந்த இலையையும் சேற்றையும் கையால் அள்ளினேன். ஒரு பந்தும், காகம் கொண்டுவந்து போட்ட கோழி எலும்பும்கூட வந்தன. சரிந்திருந்த ஓடு இரண்டை மாற்றினேன். கூரைக்குக் கீழே தவழ்ந்து போய்த் தண்ணீர்க் குழாய்களுக்கு நுரை உறை போட்டேன். வெளிக் குழாயின் தண்ணீரை உள்ளே நிறுத்திவிட்டு வாய்க்குச் சாக்குச் சுற்றினேன். ரேடியேட்டர்களின் ஓரத்துச் சின்னத் திருகாணியைத் திறந்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றினேன். சீறிக்கொண்டு காற்று வந்து, பிறகு கறுப்புத் தண்ணீர் துப்பும். அந்தச் சத்தம் கேட்க எனக்குப் பிடிக்கும். பின்வளவில் தொட்டியில் நின்ற கறிவேப்பிலையைத் தூக்கிக் குசினி யன்னலடியில் வைத்தேன். அதற்கும் குளிர்காலம் கழிய வேண்டுமே.

பிரசவத்துக்கு ஒரு கிழமை முன் தம்பியின் அக்கா, தன் வீடு இருந்த ரெய்னர்ஸ் லேனிலிருந்து வந்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் முப்பத்தொரு நாள் பார்க்க வந்தவர். இரண்டு பெரிய சட்டி, பத்தியச் சரக்குத் தூள் போத்தல், சாம்பிராணி, பழைய பருத்திச் சேலைகள், எல்லாம் அவரோடு வந்தன. அவருக்கு நான் அண்ணை, எனக்கு அவர் அக்கா. யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கடைசிவரை கேட்கவில்லை.

தாயும் பிள்ளையும் மாடி ஏறி இறங்காமல் இருக்க, முன்னறையில்தான் படுக்கை என்று அவர் முடிவு செய்தார். பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக்கூடாது. என் பட்டியலில் அதுவரை இருந்த வேலையெல்லாம் அவருக்கு வேலையே இல்லை. பீலியும் ஓடும் யாருக்கு வேண்டும், முன்னறையில் காற்று வருகிறதே என்றார். எங்கே வருகிறது என்று கேட்டேன். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு வந்தார்.

சுவரோரமாக, யன்னலோரமாக, கதவடியில், பலகைத் தரையின் இடுக்குகளில் அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். புகை நேராக எழும்பினால் அடுத்த அடி. வளைந்தால் நின்று என்னைப் பார்ப்பார். நான் பென்சிலால் அங்கே ஒரு கோடு கீறுவேன். எத்தனையோ நாட்டில் எத்தனையோ மேஸ்திரிமாரோடு வேலை செய்திருக்கிறேன். காற்றைக் கண்ணுக்குக் காட்டிய ஆள் அவர் ஒருவர்தான். கோடு கீறிய இடமெல்லாம் ரப்பர் நாடா, பசை, மரச் சீவல் என்று அடைத்துக்கொண்டே வந்தேன்.

கடைசியில் யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், வெள்ளைப் பூச்சடித்த ஒரு தகட்டுக்கு முன்னால் ஊதுபத்தியின் புகை அப்படியே படுத்துவிட்டது. உள்ளங்கை இரண்டு அகலம், நிறையச் சின்னக் கீற்று. அதன் வழியாகத் தெருக் காற்று நேராக வந்தது.

“இஞ்சை பாருங்கோ அண்ணை. வாசலைத் திறந்து வைச்ச மாதிரி. இதை அடைக்காமல் என்ன அடைச்சு என்ன?”

அடைத்தேன். திருகாணி நாலையும் கழற்றித் தகட்டை எடுத்தேன். ஓட்டைக்குள் தகர டின்னிலிருந்து வீங்கும் நுரையைப் பீய்ச்சினேன். அது இறுகியதும் சீவி, மேலே பலகை வைத்துப் பசை பூசி, உரசி, வெள்ளையும் அடித்தேன். முடிந்தபின் அங்கே ஓர் ஓட்டை இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. தகட்டை மட்டும் எறியவில்லை. நல்ல இரும்பு. உதவும் என்று கோட்டுப் பைக்குள் போட்டேன்.

அந்த அறையில் புகைபோக்கியடியில் பழைய காஸ் கணப்பு ஒன்று இருந்தது. கீழே நீலச் சுவாலை, மேலே செக்கச் சிவக்கும் வெண்களிமண் கட்டிகள். ரேடியேட்டர் சோபாவுக்குப் பின்னால் மறைந்து கிடந்ததால், வீட்டார் குளிர்காலத்தில் அதைத்தான் பாவிப்பார்களாம். சுவரில் இருந்த சின்ன அலாரம் ஒன்றை அக்கா வந்த முதல் நாளே கழற்றி, பற்றரியை எடுத்து, மேசை லாச்சிக்குள் போட்டிருந்தார். சாம்பிராணிப் புகைக்குக் கத்திப் பிள்ளையை எழுப்பிவிடும் என்றார். எங்கள் ஆட்கள் வீடுகளில் மிளகாய் வறுக்கும்போது கத்தும் அலாரங்களுக்கு எப்போதும் இந்தக் கதிதான். நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. நாளை மத்தியானம் வீட்டுக்கு விடுவார்கள் என்று தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்த அன்றுதான் நான் கிளம்பினேன். அறை தயார், வேலை முடிந்தது. பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அக்கா மறித்தார். கோச் போய்விடும் என்றேன். இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தார்.

ட்ராமுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. இருக்கையில் உட்கார்ந்து, கையைச் சூடாக்கக் கோட்டுப் பைக்குள் விட்டேன். தகடு தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் புரட்டினேன். வெள்ளைப் பூச்சு நாலைந்து தரம் அடிக்கப்பட்டுத் தடித்திருந்தது. கீழ் ஓரத்தில் பூச்சுக்கு அடியில் எழுத்து மேடு விரலுக்குத் தெரிந்தது. வேலை எதுவும் இல்லாததால் நகத்தால் சுரண்டினேன். எனக்கு ஆங்கிலம் பேச வரும். வாசிக்க நேரம் எடுக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, இரண்டு தரம் பிழையாக வாசித்து, மூன்றாம் தரம் பிடித்தேன். இதை மூட வேண்டாம், காஸ் கருவிக்குக் காற்று வேண்டும் என்று எழுதியிருந்தது.

முதலில், ஓ அப்படியா என்றுதான் இருந்தது. பிறகு பாரிஸ் அறை ஞாபகம் வந்தது.

அங்கே நாங்கள் ஏழு பேர் ஓர் அறையில் இருந்தோம். ஒரு ஜனவரியில் யன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி அடைத்துவிட்டு, காஸ் உருளை பூட்டி எரிக்கும் ஹீட்டரோடு படுத்தோம். காலையில் நாலு பேர் ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டு எழும்பினோம். இரண்டு பேரை இழுத்து வெளியே போட்டோம். ஒருவர் எழும்பவில்லை. நித்திரையில் போனவர் மாதிரியே கிடந்தார். முகம்கூட நல்ல சிவப்பாக, சுகமான ஆளின் முகமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்த பெண் எங்களுக்கு விளக்கிச் சொன்னாள். நெருப்புக்கும் மூச்சு வேண்டும், அதற்குக் காற்றுப் போதாவிட்டால் நஞ்சு கக்கும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை என்று. அதைத் தெரிந்துகொண்டவன் நான். தெரிந்துகொண்டும் அதே வேலையை, பாராட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளையடித்துச் செய்து முடித்திருக்கிறேன்.

ட்ராம் வந்து கதவைத் திறந்தது. ஏறவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தம்பிக்கு எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குள் இருந்தபடியால் போனை நிறுத்தி வைத்திருந்தார். இரண்டு பையோடும் ஓடத் தொடங்கினேன். ஐம்பது வயதுக்கு மேல் பையோடு ஓடுவது நல்ல காட்சி இல்லை. ஆட்கள் விலகி வழிவிட்டார்கள்.

கதவைத் திறந்த அக்காவின் நெற்றியில் தைலம் பளபளத்தது. கையில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. என்ன மறந்துவிட்டுப் போனீர்கள் என்று கேட்டுக்கொண்டே என்னை முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாளைக்கு அறை சூடாக இருக்கட்டும் என்று, நான் மேலே பைகளைக் கட்டும்போதே கொளுத்தி, ஒரு மணி நேரமாகக் கணப்பை எரிய விட்டிருக்கிறார். கதவும் யன்னலும் இறுகப் பூட்டியிருந்தன. கட்டில், வெள்ளைத் துணி விரித்த தொட்டில், மூலையில் சாம்பிராணிச் சட்டி. காலையிலிருந்து சமைத்ததில் தலை இடிப்பதாகவும் சொன்னார்.

அறைக்கு நடுவில் நின்று ஊதுபத்தியை உயர்த்திக் காட்டினார். புகை ஆடாமல் அசையாமல் மேலே போனது.

“பாருங்கோ, நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. இனி ஒரு பொட்டுக் காத்தும் வராது.”

ஊதுபத்தியை அவர் கையிலிருந்து வாங்கிக் கணப்பின் மேல் விளிம்பில் பிடித்தேன். அந்தப் புகை புகைபோக்கிக்குள் இழுபட்டுப் போக வேண்டும். போகவில்லை. விளிம்பில் முட்டி, உருண்டு, திரும்பி எங்கள் முகத்துக்கு வந்தது. கணப்பு கக்கிக்கொண்டிருந்ததும் அதே வழியில்தான் வந்துகொண்டிருந்தது.

குனிந்து கணப்பை நிறுத்தினேன். யன்னலை அடித்துத் திறந்தேன், கதவுகளைத் திறந்தேன், அவரைத் தோளில் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். குளிர் காற்று வீடு முழுக்கப் பாய்ந்தது. அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கிழமை அடைத்ததை ஒரு நிமிடத்தில் திறக்கிறேன் என்றும், பச்சைப் பிள்ளை வரப்போகிற வீடு என்றும், குடித்துவிட்டு வந்தேனா என்றும் கேட்டார். தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைவிட வேகமாக வாசிப்பார். ஒரு தரம்தான் வாசித்தார்.

“நான் பிழை விட்டிட்டன் அக்கா,” என்றேன். “இதை அடைச்சா அந்த நெருப்பு ஆளைக் கொல்லும். எனக்குத் தெரிஞ்ச விசயம். யோசிக்கேல்லை.”

அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தலையிடி சமையலாலை இல்லை, என்ன?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் தம்பி திருப்பி அழைத்தார். காஸ் அவசர எண்ணுக்கு அவர்தான் போன் செய்தார். ஒரு மணி நேரத்துக்குள் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் கருவிகளோடு வந்தார். தம்பியும் ஓடி வந்து சேர்ந்திருந்தார். அந்தப் பெண் கணப்பைக் கழற்றிப் பார்த்து, புகைபோக்கிக்குள்ளும் பாதி அடைப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். பறவைக் கூடும் உதிர்ந்த சாந்தும். காற்றுத்துளையும் இல்லை, போக வழியும் இல்லை. காஸ் குழாயை மூடி முத்திரையிட்டு, பாவிக்கக் கூடாது என்று சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். பிறகு என் வெள்ளைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதை அடைத்தது யார் என்று கேட்டார்.

நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார். தன்னுடைய ஆங்கிலத்தில், தான்தான் இடத்தைக் காட்டி அடைக்கச் சொன்னதாகவும், இந்த மனிதர் கோச்சை விட்டுவிட்டு வந்து திறந்ததாகவும் சொன்னார். எதால் காட்டினீர்கள் என்று அந்தப் பெண் கேட்க, ஊதுபத்தியைக் காட்டினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் பெட்டியைத் திறந்து ஒரு புகைக் குச்சியை எடுத்துக் காட்டினார். தாங்களும் அதேபோலத்தான் பார்ப்பதாகச் சொன்னார். அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

தலையிடி என்றதும் அந்தப் பெண் விடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்றார். தம்பி கூட்டிக்கொண்டு போனார். தம்பியின் மனைவியும் பிள்ளையும் இருந்த அதே ஆஸ்பத்திரி. கீழே இரத்தம் எடுத்துப் பார்த்து, நேரத்தோடு வெளியே வந்துவிட்டீர்கள், பயமில்லை என்று சொன்னதும், அக்கா நேரே மேல் மாடிக்கு ஏறிப் பிள்ளையைப் பார்த்திருக்கிறார். தலை நிறைய மயிராம். திரும்பி வந்ததும் முதலில் சொன்னது அதைத்தான்.

அவர்கள் போயிருந்த நேரத்தில் நான் சுவரை உடைத்தேன். பலகையை நெம்பி எடுத்து, நுரையை உளியால் கொத்திக் கொத்தி வெளியே இழுத்தேன். ஒட்டியதைவிடப் பிடுங்குவது இரண்டு மடங்கு வேலை. கடைசித் துண்டு தெருப் பக்கம் விழுந்ததும் காற்று என் முழங்காலில் பட்டது. ஓட்டையின் நான்கு பக்கமும் சீராக்கி, தகட்டின் பூச்சு முழுவதையும் சுரண்டி எழுத்துத் தெரியும்படி பழைய இடத்திலேயே பூட்டினேன். கணப்பு இனி எரியாவிட்டாலும், பழைய வீட்டுக்கு அந்தத் துளை இருப்பது நல்லது, ஈரம் பிடிக்காது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். லாச்சிக்குள் கிடந்த அலாரத்துக்குப் பற்றரி போட்டுச் சுவரில் மாட்டினேன். சாம்பிராணிக்கு அது கத்தாது, அந்த மணமில்லாத நஞ்சுக்குத்தான் கத்தும்.

அறை சூடாக வேண்டுமே. சோபாவை ரேடியேட்டரை விட்டு இழுத்து அப்பால் போட்டேன். இவ்வளவு நாளும் அந்தச் சூடு முழுவதையும் சோபாவின் முதுகுதான் குடித்துக்கொண்டிருந்தது. அரை மணியில் அறை கதகதத்தது. பிறகு அக்கா வந்து வாசலில் நின்று யோசித்தார். சூடு சரி, ஆனால் காற்று? தாயின் கட்டிலில் அது படும். இருவருமாக ஊதுபத்தியைக் கொளுத்தினோம். இந்தத் தடவை அடைப்பதற்கு இடம் தேடவில்லை. காற்று உள்ளே வந்து எந்த வழியாகப் போகிறது என்று புகையின் பின்னால் நடந்தோம். அது யன்னலடியால் வந்து, தரையோடு ஊர்ந்து, கதவுப் பக்கம் போனது. உள்மூலையில் புகை நேராக நின்றது. கட்டிலையும் தொட்டிலையும் அங்கே நகர்த்தினோம்.

“வந்திட்டுப் போகட்டும்,” என்றார் அக்கா. “பிள்ளையிலை படாட்டிச் சரி.”

கட்டித் தந்த இடியப்பத்தை அதே வீட்டு மேசையில் அவிழ்த்து மூன்று பேரும் சாப்பிட்டோம். இதைக் கட்டிக் கொடுத்ததே திரும்பி வரத்தான் என்று தம்பி சொன்னார். பர்மிங்காம்காரருக்குப் போன் செய்தேன். நாளைக்கு வராவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்றார். இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். மேலே சின்ன அறையில், நான் காலையில் மடித்து வைத்த போர்வையை நானே விரித்துப் படுத்தேன். விட்டுப் போன கட்டிலில் திரும்பப் படுப்பது புதிதாக இருந்தது. கூச்சமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், நல்ல நித்திரை வந்தது.

விடிய ஏழு மணிக்கு அக்கா தேத்தண்ணியோடு கதவைத் தட்டினார். மறு கையில் போன். முகம் சரியில்லை. தலையிடியா என்றேன். இல்லை. தான் ஊதுபத்தியோடு முன்னறையைச் சுற்றியதைப் போன கிழமை வீடியோ எடுத்துக் குடும்பத்துப் போன் குழுவில் போட்டிருந்ததாகச் சொன்னார். குளிர்காலத்துக்கு எல்லாரும் இப்படிச் செய்யுங்கோ என்று எழுதியும் இருந்தாராம். இரவே எல்லாருக்கும் குரல் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறார். ஒருவரும் செய்யவில்லை, ஒரே ஒரு வீட்டைத் தவிர.

“என்ர வீடுதான். கலியாணம் கட்டின நாளிலையிருந்து அந்த மனுசன் நான் சொன்ன ஒண்டையும் கேட்டதில்லை. இந்த ஒண்டை மட்டும் கேட்டு வைச்சிருக்கு.”

காஸை நிறுத்தி யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டதாகவும், மனுசன் குளிரில் கோட்டோடு உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். தனக்கு இங்கே பிள்ளை வருகிறது, போக ஏலாது. நான் போவேனா என்று கேட்கவில்லை, முகவரியைக் கடதாசித் துண்டில் எழுதியே கொண்டுவந்திருந்தார். எனக்கு வாசிக்க வசதியாகப் பெரிய எழுத்தில்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கருவிப் பையை மட்டும் எடுத்தேன். உடுப்புப் பையை அந்த அறையிலேயே விட்டேன். ட்ராம் ஒன்று, ரயில் இரண்டு. ரெய்னர்ஸ் லேனில் கதவைத் திறந்த மனிதர் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, கையில் எரியும் ஊதுபத்தியோடு நின்றார். உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். என்னைவிட நன்றாக அடைத்திருந்தார்.

“அடைக்கிறதோ, திறக்கிறதோ? ஒரு முடிவாச் சொல்லுங்கோ.”

“திறக்கிறது, அண்ணை,” என்று சொல்லி உளியை எடுத்தேன்.